அவள் பேச்சுக்கு நான் கொடுத்த குரல்

மூன்று வருடத்துக்கு முன்னால், பொங்கல் முடிந்து எல்லாரும் பழையபடி வேலைக்குத் திரும்பியிருந்த சமயம். ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் பக்கமாக ஏறும் ரோட்டில் என் வீட்டுக்காரர் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டம் இருக்கிறது. அந்தத் தோட்டத்துச் சனசமூக மண்டபத்தில் நடந்த ஒரு கூட்டத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது என் ஓரகத்தி ஜெயித்த கதை. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை. ஆனால் வேறு யார் சொன்னாலும் அவளை இன்னும் உயரத்தில் தூக்கி வைத்துவிடுவார்கள், அதனால் நானே சொல்லிவிடுவது நல்லது.

நான் மாத்தளை டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீடு அலுவிகாரையில். எங்கள் பக்கம் மேடைப்பேச்சு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பரிசளிப்பு விழா, ஆசிரியர் தினம், கோயில் திருவிழா, யாராவது ஓய்வு பெற்றுப் போகும் பிரியாவிடை, எதுவானாலும் வரவேற்புரையோ நன்றியுரையோ ஒன்று என் தலையில் விழும். பேச்சுப் போட்டிகளில் வாங்கிய கிண்ணங்கள் வீட்டு ஷோகேஸில் வரிசையாக இருக்கின்றன. சிங்களமும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழில் பேசுவதை அப்படியே சிங்களத்திலும் பேசுவேன், ஒரு தடுமாற்றம் இருக்காது. இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஆமாம், பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

ஓரகத்தி என் கொழுந்தனின் மனைவி. நுவரெலியாப் பக்கத்திலிருந்து வந்தவள். கொழும்புப் புறக்கோட்டையில் சேலைகளை மொத்தமாக வாங்கி வந்து, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களிலும் கீழே இருக்கும் சிங்களக் கிராமத்திலும் வீடு வீடாக விற்பாள். சிங்களப் பெண்கள் அவளை 'சாரி அக்கா' என்பார்கள். வாய் ஓயாது. அவள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

என் வயிற்றெரிச்சல் அவளுடைய கல்யாணத்தன்றே ஆரம்பித்துவிட்டது. ரிசப்ஷனில் வரவேற்புரை நான்தான். எழுதி, திருத்தி, கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்து, அழகாகப் பேசினேன். கைதட்டினார்கள். நான் உட்கார்ந்து சேலை மடிப்பைச் சரிசெய்வதற்குள் மணப்பெண் கையை நீட்டி மைக்கைக் கேட்டாள். எங்கள் பக்கம் மணப்பெண் மைக் பிடித்து யாரும் பார்த்ததில்லை. "சாப்பாட்டுல உப்பு கம்மியாப் போச்சுன்னு சமையல்காரர் கவலைப்படுறாரு. நான் எப்படியும் இன்னைக்கு அழுதுதான் ஆகணும். சாப்பாட்டுப் பக்கமா வந்து அழுதிர்றேன், சரியாப் போயிரும்" என்றாள். மண்டபமே குலுங்கியது. அவள் அம்மா சிரித்துக்கொண்டே அழுதார். என் மாமியாரும் அழுதார். கடைசியில் கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தால், என் வரவேற்புரையில் முதல் இரண்டு வரிதான் இருந்தது. அவளுடையதை முழுசாக வைத்திருந்தான் வீடியோக்காரன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் மாமியார் என்னைப் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார். "பெரியவளே, நீ பேசினா நிமிந்து உக்காரத் தோணுது. சின்னவ பேசினா சாஞ்சு உக்காரத் தோணுது." அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். தோட்டத்து லயங்களிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஒரு குறுக்குப் பாதை உண்டு. பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ் பிடிக்கவும், ஆட்கள் டவுனுக்குப் போகவும் அதுதான் வழி. கீழ்க் கிராமத்துச் சிங்களக் குடும்பங்களுக்கும் மேலே மிளகும் ஏலமும் போட்ட தோட்டங்கள் இருந்தன, அவர்களும் அந்தப் பாதையால்தான் ஏறுவார்கள். ரிவர்ஸ்டன் பக்கம் பனியைப் பார்க்க வருகிற கூட்டம் அதிகமானதும், ஒரு கம்பனி அந்தப் பாதை ஓடும் மலைச்சரிவை வாங்கி ஹோட்டல் கட்டப் புறப்பட்டது. கட்டடத்துக்கு அத்திவாரம் போடுவதற்கு முன்னால் பாதைக்குக் குறுக்கே இரும்பு கேட்டைப் போட்டுப் பூட்டிவிட்டார்கள். ஏன் என்று கேட்டால், வரைபடத்தில் பாதையே இல்லை என்றார்கள். பெக்டரி ரோட்டைச் சுற்றிப் போகலாம்தான். ஆனால் அப்படிச் சுற்றிப் போனால் பஸ் போய்விடும்.

ஓரகத்தி என்ன செய்தாள் தெரியுமா? ஒரு நாள் காலையில் கேட்டுக்கு முன்னால் நின்று போனைத் தூக்கிப் பிடித்து, பேஸ்புக்கில் நேரலையாகப் பேசிவிட்டாள். மறுநாள் பொலிஸில் கூப்பிட்டார்கள். சமாதானத்தைக் குழப்புகிறாளாம். அங்கே வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். தமிழில் எழுதினால்தான் போடுவேன் என்று பிடிவாதமாகச் சாயங்காலம் வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் விஷயம் கேள்விப்பட்டதும், "நல்லா வேணும், அடங்கி இருந்தாத்தானே" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போனார். அவளானால் திரும்பி வந்து, சார்ஜன் கொட்டாவி விட்டதையும், பெஞ்சில் பக்கத்தில் இருந்தவளிடம் ஒரு சேலைக்கு ஓர்டர் எடுத்ததையும் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தாள். நானாக இருந்தால் பொலிஸ் வாசல்படியிலேயே அழுதிருப்பேன். அந்த நினைப்பு எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

அவள் சிரித்தாலும் லயத்து ஆட்கள் பயந்துவிட்டார்கள். கேட்டுப் பக்கம் யாரும் போகவில்லை. வாயைத் திறந்தால் பொலிஸ் என்று ஆகிவிட்டது. அந்த நேரத்தில்தான் பிரதேச செயலகத்திலிருந்து அறிவித்தார்கள், பாதை சம்பந்தமாக மக்கள் கருத்தைக் கேட்க ஒரு கூட்டம் வைக்கிறோம், ஆட்சேபம் இருப்பவர்கள் நேரில் வந்து சொல்லலாம் என்று. யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் ஆட்சேபம் இல்லை என்று அறிக்கை போய்விடும். கேட்டு அங்கேயே நிரந்தரமாக நின்றுவிடும்.

பேசுவதற்கு முதலில் என்னைத்தான் கேட்டார்கள். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். "டீச்சர், நீங்க சிங்களத்துலேயே பேசிருங்க, அவங்களுக்கு நேரா போய்ச் சேரும்" என்று ஆட்கள் வீடு தேடி வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓரகத்தியை விட்டுவிட்டு என்னிடம் வந்திருக்கிறார்கள்! உட்கார்ந்து அருமையான பேச்சு ஒன்றைத் தயாரித்தேன். ஆரம்பமே நாட்டின் அழகைப் பற்றி.

கூட்டத்துக்கு முதல் நாள் எங்கள் பள்ளிக்கூடத்து அதிபர் கூப்பிட்டார். "டீச்சர், நீங்க அரசாங்க ஊழியர். இந்த மாதிரி விஷயத்துல பொதுவெளியில கருத்துச் சொல்றது... நான் ஒண்ணும் சொல்லல, யோசிச்சுக்குங்க" என்றார். அவர் அதட்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை. நானாகவே பயந்துகொண்டேன். தோட்டத்துக்குப் போன் போட்டு, தொண்டை கட்டிவிட்டது, பேச முடியாது என்றேன். அப்படியென்றால் நான் பேசுகிறேன் என்று ஓரகத்தி சொன்னதாகக் கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது. அந்த நிமிடம் என் வயிறு எரிந்த எரிச்சலில் உண்மையாகவே தொண்டை கட்டியிருக்கும்.

கூட்டத்துக்குப் போகாமலும் இருக்க முடியவில்லை. போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். ஓரகத்தி நேரே என்னிடம் வந்தாள், கையில் ஒரு ஃபிளாஸ்க்.

"கொத்தமல்லித் தண்ணி அக்கா. சூடா இருக்கு. தொண்டைக்கு நல்லது."

அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்துதான் கொண்டுவந்தாளா, பாவம் என்று கொண்டுவந்தாளா, இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் வாங்கிக் குடித்தேன். அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். வேறு என்ன செய்வது?

மண்டபம் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் லயத்து ஆட்கள், மறுபக்கம் கீழ்க் கிராமத்துச் சிங்கள ஆட்கள். முன்னால் மேசையில் செயலகத்திலிருந்து வந்த அதிகாரி, ஓர் இளம் சிங்களப் பெண். வாசலில் ஒரு பொலிஸ்காரர். முதலில் கம்பனி சார்பில் கொழும்பிலிருந்து வந்தவர் பேசினார். நல்ல சிங்களம், நல்ல குரல். ஹோட்டல் வந்தால் கிராமத்துப் பையன்களுக்கு வேலை என்றார். பாதை என்று ஒன்று இருந்ததே இல்லை, தோட்டத்து ஆட்கள் சிலர் அனுமதியில்லாமல் நடந்திருக்கலாம், மற்றபடி கிராமத்து மக்கள் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை என்றார். சிங்கள ஆட்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை என்ற சொல் அவர்களை உட்கார வைத்துவிட்டது.

"வேறு யாராவது?" என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். ஓரகத்தி எழுந்தாள். அவள் தமிழில் வணக்கம் சொன்னதுமே அதிகாரியின் முகம் வாடியது. சிங்களத்தில் பேச முடியுமா என்று கேட்டார். செயலகத்தில் மொழிபெயர்ப்பாளர் மாற்றலாகிப் போய்விட்டாராம், புது ஆள் இன்னும் வரவில்லையாம்.

ஓரகத்திக்கு வியாபாரச் சிங்களம் நன்றாகவே வரும். அவள் அதே சிங்களத்தில்தான் பதில் சொன்னாள். சேலை விற்க இந்தச் சிங்களம் போதும் நோனா, ஆனால் இது சேலை இல்லை, நான் தமிழில்தான் பேசுவேன், அதுவும் அரசகரும மொழிதானே என்று. பிறகு என் பக்கம் குனிந்து, "அரைகுறையாப் பேசினா சிரிப்பாங்க அக்கா. ஒரு தடவை சிரிச்சுட்டா அப்புறம் காது குடுக்க மாட்டாங்க" என்றாள்.

அதிகாரி யோசித்தார். "இரண்டு மொழியும் தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

மண்டபம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நான் பேசியிருக்க வேண்டிய கூட்டம். நான் தயாரித்த பேச்சு கைப்பைக்குள் கிடக்கிறது. அவள் பேசப் போகிறாள், நான் அவள் பக்கத்தில் நின்று அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தொண்டை சரியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஓரகத்தி ஃபிளாஸ்க் மூடியில் இன்னும் கொஞ்சம் கொத்தமல்லித் தண்ணி ஊற்றி நீட்டினாள். எழுந்து போனேன். கேட்டது அதிகாரி, மொழிபெயர்ப்பது கருத்துச் சொல்வது ஆகாது என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். ஆளுக்கொரு மைக்கைக் கொடுத்தார்கள்.

"நான் சாரி விக்கிறவ. இங்க இருக்கிற முக்காவாசிப் பேர் வீட்டுக்குள்ள வந்து, உங்க பாயில உக்காந்து, உங்க பிளேன்டீய குடிச்சிருக்கேன்" என்று ஆரம்பித்தாள்.

"பேசுபவர் ஒரு சேலை வியாபாரி. இங்குள்ளவர்களைத் தமக்குத் தெரியும் என்று கூறுகிறார்" என்று நான் சிங்களத்தில் சொன்னேன்.

அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். "அப்படி வேண்டாம் மிஸ். அவங்க 'நான்' என்று சொன்னால் நீங்களும் 'நான்' என்றே சொல்லுங்கள். அவங்க பேசுவது போலவே இருக்க வேண்டும். அதுதான் முறை."

'நான்' என்று சொல்வதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். இத்தனை வருடமாக எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறேன். 'அனைவரின் சார்பிலும்' என்று தொடங்குவேன், 'நாம் அனைவரும் அறிந்ததே' என்று தொடங்குவேன். 'நான்' என்று தொடங்கி ஒரு வாக்கியம் பேசியதாக எனக்கு ஞாபகமில்லை. அன்றைக்கு முதன்முதலாக 'நான்' என்று சொன்னேன், அதுவும் அவளுடைய 'நான்'.

அவள் தொடர்ந்தாள். "காலையில எம் மக கேட்டுக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. கீழ பஸ்ஸு வருது. அவ பஸ்ஸப் பாக்கிறா. டிரைவரும் அவளப் பாத்துட்டு, ஹோர்ன் அடிச்சு, பாவம், கொஞ்ச நேரம் நிக்கவும் செய்றாரு. இவ கேட்டுக்கு இந்தப் பக்கம். பஸ்ஸு போயிருது."

"பாடசாலை மாணவர்களாகிய எங்கள் பிள்ளைகளின் போக்குவரத்துக்குச் சிரமங்கள் ஏற்பட்டுள்ளன" என்றேன்.

தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. சொன்னது சரிதான். ஆனால் வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னேன், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அவள் பேச்சில் இருந்த பசையை எடுத்துவிட்டுச் சக்கையைக் கொடுத்தேன். சிங்கள ஆட்கள் பக்கத்தில் ஒருவர் கொட்டாவி விட்டார். எனக்குள் ஒரு அற்ப திருப்தி.

ஓரகத்தி மைக்கைத் தாழ்த்தினாள். என் காதருகே வந்தாள்.

"அக்கா, நான் பஸ்ஸப் பத்திச் சொன்னேன். பஸ் எங்க?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வாங்கிய சாமானில் ஒன்றைப் பையில் போட மறந்த கடைக்காரரிடம் கேட்பது போலக் கேட்டாள். அவளுக்குச் சிங்களம் தெரியும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். என் முகம் சுட்டது. அதற்கு மேல் எனக்கு வந்தது வெட்கம் இல்லை, ரோஷம். பஸ் வேண்டுமா உனக்கு? காட்டுகிறேன் பார் பஸ்ஸை. நீ தமிழில் சொன்னதைவிட நான் சிங்களத்தில் நன்றாகச் சொல்லிக் காட்டுகிறேன், யார் பேச்சாளர் என்று இன்றைக்குத் தெரிந்துவிடட்டும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

"மன்னிக்க வேண்டும், அந்த இடத்தை மறுபடி சொல்கிறேன்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுச் சொன்னேன். மகளைச் சொன்னேன், கம்பியைச் சொன்னேன், டிரைவர் ஹோர்ன் அடித்ததையும் நின்று பார்த்ததையும் சொன்னேன். சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிறுத்தி, பஸ் போய்விட்டது என்று சின்னக் குரலில் முடித்தேன். கொட்டாவி விட்டவர் வாயை மூடிக்கொண்டு நிமிர்ந்தார்.

ஓரகத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். சேலையைத் தொட்டுப் பார்க்கிற வாடிக்கைக்காரியைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. அதற்குப் பிறகு வாக்கியங்களைச் சின்னதாக்கினாள், நான் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"போன மாசம் கடைசி லயத்துப் புள்ளத்தாச்சிப் பொண்ணுக்கு வலி வந்துச்சு. ஆம்புலன்ஸ் கீழ ரோட்டுல வந்து நிக்குது. லைட்டு சுத்துறது லயத்துக்கே தெரியுது. கேட்டு பூட்டியிருக்கு. கம்பளியில வச்சு பெக்டரி ரோட்டால தூக்கிட்டு ஓடுனோம். கொழுந்து நிறுக்கிற தராசுக்குப் பக்கத்துல புள்ள பொறந்துருச்சு."

நான் அதைச் சொல்லும்போது ஆஸ்பத்திரியில் எழுதுகிற சொற்களை எடுக்கவில்லை. கிராமத்துப் பெண்கள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது பிரசவத்தைப் பற்றி எப்படிப் பேசிக்கொள்வார்களோ, அந்தச் சிங்களத்தில் சொன்னேன். "அனே!" என்று, ஐயோ பாவம் என்பதுபோல, பெண்கள் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்த "அனே" எனக்கு வந்தது. என் வாக்கியத்துக்கு வந்தது. ஆனால் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தது அவளை.

அப்படியே போனோம். ஒரே உரலில் இரண்டு பேர் மாவு இடிக்கிற மாதிரி, அவள் உலக்கையை எடுக்க நான் போட, நான் எடுக்க அவள் போட. ஒருத்தி தப்பினால் மற்றவள் கை நசுங்கும்.

அப்போது அவள் நான் பயந்த இடத்துக்கு வந்தாள். "என்னைய பொலிஸுக்குக் கூப்பிட்டாங்க. நான் கல்லெறியல. யாரையும் ஏசல. கேட்டு பூட்டியிருக்குன்னு சொன்னேன், அவ்வளவுதான். பூட்டியிருக்கிறத பூட்டியிருக்குன்னு சொல்றது குத்தம்னா, பாதையப் பூட்டினதுக்கு என்ன பேரு?"

வாசலில் பொலிஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். பொலிஸ் நிலையத்தைக் கண்டாலே ரோட்டின் மறுபக்கம் போகிறவள் நான். 'என்னைப் பொலிஸுக்குக் கூப்பிட்டார்கள்' என்று நான் சொல்ல வேண்டும். அவள் காத்திருந்தாள். மண்டபமும் காத்திருந்தது. சொன்னேன். கடைசிக் கேள்வியைப் பொலிஸ்காரரைப் பார்த்தே கேட்டேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார், வேறொன்றும் நடக்கவில்லை. அந்த நேரம் என் நெஞ்சில் இருந்தது பயம் இல்லை, பச்சைப் பொறாமை. இந்தக் கேள்வியை யோசித்தவள் நான் இல்லையே! என் கிண்ணங்களையெல்லாம் கொடுத்துவிடுகிறேன், இந்த ஒரு வரியை எனக்குக் கொடு என்று அவளிடம் கேட்கலாம் போலிருந்தது.

"நான் உங்ககிட்ட ஒரு நாளும் சேலையை வாங்குங்கன்னு சொன்னதில்ல" என்று அவள் முடிவுக்கு வந்தாள். "கையில எடுத்துப் பாருங்கன்னுதான் சொல்லுவேன். இன்னைக்கும் அதுதான். எனக்காகப் பேச வேணாம். இந்தப் பாதையில ஒரு தடவையாச்சும் நடந்திருந்தீங்கன்னா, கையை மட்டும் தூக்குங்க."

லயத்துப் பக்கம் ஒரு கை எழுந்தது. பிறகு இன்னொன்று. பயந்து பயந்து, பாதி உயரத்துக்கு. நான் சிங்களத்தில் கேட்டேன். சிங்கள ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கம்பனிக்காரரைப் பார்த்தார்கள். ஒரு கையும் எழவில்லை. கம்பனிக்காரர் மெதுவாகப் புன்னகை செய்தார். அதிகாரி பேனாவைத் தாளில் வைத்தார். அவ்வளவுதான், எழுதப் போகிறார் என்று தெரிந்தது.

எனக்கு என் கல்யாண நாள் ஞாபகம் வந்தது. மாத்தளையில் தாலி கட்டி, காரில் வந்து மெயின் ரோட்டில் இறங்கி, கூறைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தப் பாதையால்தான் என் புருஷன் வீட்டுக்கு ஏறினேன். பாதையே இருந்ததில்லையாம். அப்படியானால் நான் எப்படி வந்தேன்?

வலது கையில் மைக் இருந்தது. இடது கையைத் தூக்கினேன்.

மொழிபெயர்க்க வந்தவள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். ஓரகத்தி வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். அவள் பேச்சில்லாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். பிறகு மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் சிங்களக்காரர் ஒருவர் எழுந்து நின்றே கையைத் தூக்கினார். அவர் மனைவி தூக்கினாள். 'அனே' என்ற பெண்கள் தூக்கினார்கள். லயத்துப் பக்கம் பாதியில் நின்ற கைகளும் முழுசாக உயர்ந்தன.

கம்பனிக்காரர் குதித்தார். மொழிபெயர்ப்பாளர் கையைத் தூக்கலாமா, அவர் நடுநிலையானவர் இல்லை என்று கத்தினார்.

"அவங்களும் நடந்திருக்கிறார்களாம். அதையும் எழுதிக்கொள்கிறேன்" என்றார் அதிகாரி, தலையை நிமிர்த்தாமலே.

கூட்டம் முடிந்ததும் நடந்ததைக் கேளுங்கள். அத்தனை பேரும் ஓரகத்தியைச் சுற்றிக்கொண்டார்கள். சிங்களப் பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்தார்கள். அவர்களுக்குப் புரிந்தது முழுக்க என் சிங்களம்! ஒரு பெண் மட்டும் என்னிடம் வந்தாள். "டீச்சர், மைக்கை நல்லாப் பிடிச்சீங்க" என்றாள்.

ஓரகத்தி கடைசியாக வந்தாள். ஃபிளாஸ்க்கை ஆட்டிப் பார்த்து, மிச்சத்தை ஊற்றிக் கொடுத்தாள்.

"தொண்டை இப்ப எப்படி அக்கா?"

"பரவால்ல."

"நான் சொன்னதைவிட நீங்க சொன்னதுதான் நல்லாருந்துச்சு. எனக்கு அப்படி வராது அக்கா."

இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பாராட்டுவதிலும் இவளே முந்திக்கொண்டாளே என்று தோன்றியது.

பேஸ்புக்கில் படம் வந்தது. நடுவில் அவள். ஓரத்தில் என் முகம் பாதி வெட்டுப்பட்டு, தூக்கிய கை மட்டும் முழுசாக. அதிபர் அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"மொழிபெயர்க்கத்தானே போனீங்க டீச்சர்? கை எதுக்கு?"

"கேள்வி எல்லாருக்கும் பொதுவா இருந்துச்சு சேர்."

"சரி, வகுப்புக்குப் போங்க" என்றார். அவ்வளவுதான். நான் இத்தனை நாளாக நடுங்கியது இதற்குத்தான். பொலிஸ் பெஞ்சில் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து அவள் கொடுத்த விலையோடு பார்த்தால், எனக்கு ஒரு செலவும் இல்லை.

சில வாரத்தில் செயலகத்திலிருந்து உத்தரவு வந்தது. பெரிய கேட்டு இன்னும் இருக்கிறது. அதன் பக்கத்தில் பூட்டு இல்லாத ஒரு சின்ன வாசல் வைத்திருக்கிறார்கள். அவள் மகள் அதற்குள் புகுந்து ஓடி பஸ் பிடிக்கிறாள். ஓரகத்தியை இப்போது எல்லாக் கூட்டத்துக்கும் கூப்பிடுகிறார்கள். அடுத்த பிரதேச சபைத் தேர்தலில் நிற்கச் சொல்லியும் ஆள் வந்து போகிறது. சிங்களக் கிராமத்துக்குப் போகிற நாளில் மட்டும் எனக்குப் போன் போடுவாள், "அக்கா, வர்றீங்களா?" என்று. முணுமுணுத்துக்கொண்டே போகிறேன். அவள் 'நான்' என்கிறாள், நானும் 'நான்' என்கிறேன்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள், போகவில்லை. முன்பு அவள் பேச்சைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது அவள் யாரிடமும் அனுமதி கேட்காமல் பேசுகிறாளே, அதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். ஆசிரியர் கூட்டத்தில் ஏதாவது ஒரு அநியாயத்தைப் பற்றிச் சொல்ல எழுந்து, வழக்கம் போல 'சில சிரமங்கள் ஏற்பட்டுள்ளன' என்று ஆரம்பிக்கும்போதெல்லாம், "அக்கா, பஸ் எங்க?" என்று காதருகே ஒரு குரல் கேட்கிறது. உடனே நிறுத்திவிட்டு நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். அது என் மனச்சாட்சியின் குரல் என்று எனக்குத் தெரியும், அதற்குக்கூட அவள் குரல்தானா வாய்க்க வேண்டும் என்பதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.